ஒரு நாளைக்கு இரண்டு திருத்தம்

எங்கள் தொலைபேசி நிலையத்தில் கீழ்த்தளம் என்னுடையது, மேல்தளம் என் வீட்டுக்காரருடையது. கீழே சுவிட்ச் அறை, மேலே பதிவேட்டு அறை. யாராவது ஓர் எண்ணை அழைத்தால் அந்த அழைப்பு எந்தப் பாதையில் போய் எந்த முனையில் மணி அடிக்க வேண்டும் என்பதை என் சுவிட்ச் முடிவு செய்யும். எந்தப் பாதை எந்த முனைக்குப் போகிறது என்பது அவருடைய பதிவேட்டில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஊர் நிம்மதியாகப் பேசிக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் அதற்கு மிஸ்மேட்ச் என்று பெயர்.

தினமும் காலை பத்து மணிக்கு ஒரு புரோகிராம் இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்து, முரண்படும் பாதைகளைப் பட்டியல் போடும். இரண்டு தளங்களிலும் பிரிண்டர்கள் ஒரே சமயத்தில் கத்தும். பத்தேகால் மணிக்குள் திருத்திவிட்டு, 'திருத்தப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டு மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மெமோ.

இதில் தப்பாகப் போக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் பத்தொன்பது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பட்டியலில் பாதை 417 வந்தது. பதிவேட்டில் முனை 6, சுவிட்சில் முனை 9. ஏன் மாறியது, யார் கை பட்டது என்று யாருக்கும் தெரியாது. இடி விழுந்திருக்கும் என்றார் மேலாளர். அவர் எல்லாவற்றுக்கும் இடியைத்தான் சொல்வார்.

சுவிட்ச் அறையின் விதி என்னவென்றால், பதிவேட்டில் இருப்பதுதான் சரி, அதைப் பார்த்து சுவிட்சைத் திருத்து. நான் சுவிட்சை ஆறுக்கு மாற்றினேன். பதிவேட்டு அறையின் விதி, சுவிட்சில் இருப்பதுதான் உண்மை, அதைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்து. அவர் பதிவேட்டை ஒன்பதுக்கு மாற்றினார். இருவரும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் பத்து மணிக்குப் பிரிண்டர் கத்தியது. பதிவேட்டில் ஒன்பது, சுவிட்சில் ஆறு. நான் ஒன்பதாக்கினேன், அவர் ஆறாக்கினார். அதற்கு மறுநாளும் கத்தியது.

இதற்கு முன்பெல்லாம் இப்படி ஆனதில்லையா என்றால், ஆனதில்லை. அவ்வளவு காலமும் மேலே இருந்தவர் பத்து மணிக்கு டீ குடிக்கப் போய்விடுகிற ஆள். அவர் திரும்பி வருவதற்குள் நான் திருத்தி முடித்திருப்பேன். அவர் வெறும் கையெழுத்து மட்டும் போடுவார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் என் வீட்டுக்காரர். நேரம் தவறாதவர். நிலையம் கெட்டது அதனால்தான்.

அன்று வீட்டில் தட்டை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, அந்த 417 ஆறுதானே? டீச்சர் வீட்டு நம்பர்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிவேட்டுல ஆறுன்னு இருந்தா அதை அப்படியே விட வேண்டியதுதானே?"

"சுவிட்சுல ஒன்பதுன்னு கண்ணால பாத்துட்டு ஆறுன்னு எப்படி எழுதுவேன்?"

"சரியானது ஆறுதானே!"

"சரியானதை எழுதறதுக்குப் பதிவேடு எதுக்கு? இருக்கறதை எழுதணும். நான் பாக்காததை இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்லை."

கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும் இந்த மனிதர் இப்படித்தான் இருந்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "இன்னும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். மறுவாரம் வந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கே மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

இத்தனையும் எங்கள் சொந்தச் சண்டையாகவே இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நாலாவது வாரம் அந்த டீச்சரே நிலையத்துக்கு வந்துவிட்டார். கணக்கு டீச்சர். மெலிந்த உருவம், இடது கை முழுக்க ஊசி குத்திய தழும்பு. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, மாற்றுச் சிறுநீரகத்துக்காக வரிசையில் காத்திருக்கிறார். வரிசையில் இப்போது அவர்தான் முதல் ஆள். வீட்டில் வேறு யாரும் கிடையாது.

"கிட்னி வந்தா ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணுவாங்க" என்றார். "அஞ்சு அஞ்சு நிமிஷம் விட்டு மூணு தடவை. மூணாவது தடவையும் எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். என் போன் ஒரு நாள் அடிக்குது, ஒரு நாள் அடிக்கவே மாட்டேங்குது. எனக்கு இன்னும் எத்தனை மாசம்னு டாக்டர் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு. நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். நிறைய இல்லை."

ஆஸ்பத்திரியில் வேறு எண் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். எண்ணை மாற்றினால் புது விண்ணப்பமாம். புது விண்ணப்பம் என்றால் வரிசையில் கடைசி ஆளாம். எங்கள் நிலையத்தை விடப் பெரிய நிலையங்களும் உலகத்தில் இருக்கின்றன என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவருடைய போன் அடிக்காத நாட்களில் எங்கே அடிக்கிறது என்று போய்ப் பார்த்தேன். முனை 9 டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சாவிக் கடையில் இருந்தது. பழைய இணைப்பு. எண் எப்போதோ ரத்தாகிவிட்டது. கருவி மட்டும் பலகைமேல் தூசி படிந்து கிடந்தது. அதிலிருந்து யாரையும் அழைக்க முடியாது, அதை யாரும் அழைக்கவும் முடியாது. இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் அது மணி அடித்தது.

"பதினோரு வருஷமா செத்துக் கிடந்த போன்மா" என்றார் சாவிக்காரர். "போன மாசம் திடீர்னு அடிச்சிருச்சு. கையிலிருந்த அரத்தைக் கால்ல போட்டுக்கிட்டேன். எடுத்தா, பொண்ணுக்கு வகுப்பெடுப்பீங்களான்னு யாரோ கேக்கறாங்க."

நேராக மேலாளரிடம் போனேன். அவர் சுவரில் ஒரு வரைபடம் மாட்டிவைத்திருந்தார். மாதவாரியாகத் திருத்தங்களின் எண்ணிக்கை. எங்கள் நிலையத்தின் கோடு மற்ற எல்லா நிலையங்களையும் தாண்டி மேலே போயிருந்தது.

"ஒரு நாளைக்கு ரெண்டு திருத்தம்!" என்றார். "மேலிடத்துலேருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. எந்த நிலையமும் இவ்வளவு விழிப்பா இல்லையாம்."

"சார், அது ஒரே தப்பு. நாங்க திரும்பத் திரும்பத் திருத்திக்கிட்டிருக்கோம்."

"திருத்தறீங்கல்ல? அப்புறம் என்ன?"

"யாராவது ஒருத்தர் திருத்தாம இருந்தா தீந்துரும் சார்."

மேலாளரின் முகம் சிறுத்துவிட்டது. "திருத்தாம இருக்கறதா? அப்படி ஒரு படிவமே நம்மகிட்ட இல்லையேம்மா" என்றார். பிறகு, வந்த பெண்ணைக் கைவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, டீச்சருக்கு ஒரு கால அட்டவணை தயாரித்துக் கொடுக்கச் சொன்னார். ஒற்றைப்படைத் தேதியில் வீட்டில் இருக்கவும், இரட்டைப்படைத் தேதியில் சாவிக் கடையில் இருக்கவும். முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு. பாதையைத் திருத்த முடியாது, ஆளைத் திருத்தலாம் என்பது அவருடைய முடிவு.

அன்று இரவுச் சாப்பாட்டில் நானும் வீட்டுக்காரரும் ஒரு முடிவுக்கு வந்தோம். மறுநாள் நான் திருத்த மாட்டேன், மெமோ வந்தால் வாங்கிக்கொள்கிறேன், அவர் மட்டும் திருத்தட்டும். பத்து மணி ஆனது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேலே உட்கார்ந்து, ஐயோ, இவள் மெமோ வாங்கப் போகிறாளே, மனசு கேட்காமல் எப்படியும் திருத்திவிடுவாள், நாம் விட்டுவிடுவோம் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். இரண்டு மெமோ. மிஸ்மேட்ச் அப்படியே இருந்தது.

அடுத்த முறை அவர் விடுவதாகவும் நான் திருத்துவதாகவும் பேச்சு. அவர் போன முறை போலவே அன்றைக்கும் மனசு மாறிவிடுவார் என்று பயந்து நான் விட்டேன். நான் மறுபடி விட்டுவிடுவேன் என்று பயந்து அவர் திருத்தியிருக்க வேண்டும். அப்படித் திருத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அவரோ வாக்குக் கொடுத்தபடி விட்டுவிட்டார். மறுபடி இரண்டு மெமோ. மூன்றாவது மெமோ என்றால் சஸ்பென்ஷன். அதற்குப் பிறகு நாங்கள் விட்டுக்கொடுப்பதையே விட்டுவிட்டோம். ஒழுங்காகத் தினமும் ஆளுக்கொரு திருத்தம் போட்டோம். அட்டவணையாவது தப்பாமல் இருக்கட்டும் என்றுதான்.

அட்டவணையிலும் ஒரு ஓட்டை இருந்ததை டீச்சர்தான் கண்டுபிடித்தார். முப்பத்தொன்றுக்கு அடுத்த நாள் ஒன்று, இரண்டும் ஒற்றைப்படை. விடுமுறை நாளில் ஒப்பீடு கிடையாது, ஆகவே முந்தின நாள் நிலையே தொடரும். இதையெல்லாம் கட்டம் போட்ட நோட்டில் அவரே கணக்குப் போட்டு, வருஷக் கடைசி வரைக்கும் வீட்டு நாள், கடை நாள் என்று பிரித்து எழுதி எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அவருடைய அட்டவணை ஒரு நாள் கூடத் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களைப் பற்றிக் கவலையில்லை, அங்கே நேரிலேயே சொல்லிவிடுவார்கள். மற்ற நாட்களில் பத்து மணிக்குக் கிளம்பி வீட்டிலிருந்து கடைக்கோ, கடையிலிருந்து வீட்டுக்கோ நடப்பார்.

"நடுவுல பன்னெண்டு நிமிஷம் மட்டும் நான் எங்கேயும் இல்லை" என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையில் சும்மா உட்கார முடியாமல் சாவி வெட்டக் கற்றுக்கொண்டார். பூட்டைப் பார்த்தே பல் எத்தனை என்று சொல்லிவிடுவாராம். டீச்சர் வெட்டிய சாவி ஒன்று கூடத் திரும்பி வரவில்லை என்று சாவிக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இப்படி நாலு மாதம் ஓடியது. பிறகு என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்தது.

கடைவாய்ப் பல். விடிகாலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஒன்பது மணிக்கு, வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக, லீவு எழுதிக் கொடுத்தார். எழுதும்போது கண்ணில் தண்ணீர். பல்லாலா லீவாலா என்று நான் கேட்கவில்லை. பதிவேட்டு அறைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. பத்து மணிக்குப் பிரிண்டர் கத்தியது. பதிவேட்டில் ஆறு, சுவிட்சில் ஒன்பது. நான் சுவிட்சை ஆறாக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேலே பூட்டிய அறையில் பதிவேடு ஆறாகவே இருந்தது.

அவ்வளவுதான். தீர்ந்துவிட்டது. பயிற்சியும் அனுபவமும் உள்ள இரண்டு பேருக்கு நாலு மாதமாகத் தெரியாத வழி ஒரு சொத்தைப் பல்லுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவர் லீவு போட்டால் போதும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

மறுநாள் அவர் வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வந்துவிட்டார். பத்து மணிக்குப் பிரிண்டர் ஒரே ஒரு வரி அடித்தது. 'மிஸ்மேட்ச்: இல்லை.' எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது. மேலாளர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"ஜீரோவா?" என்றார். "இவ்வளவு பேரை வெச்சுக்கிட்டு ஜீரோன்னா, இவ்வளவு பேர் எதுக்குன்னு கேப்பாங்களே. நான் என்ன பதில் சொல்லுவேன்?" துக்க வீட்டிலிருந்து போகிறவர் மாதிரி போனார்.

நான் ஒரு டீ வரவழைத்துக் குடித்தேன். நாலு மாதத்தில் நிம்மதியாகக் குடித்த முதல் டீ அதுதான். குடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். பாதை 417இல் அழைப்பு. மணி அடிக்கிறது. முனை 6. எடுக்கவில்லை. அதற்கு மேல் வரியில் இன்னொன்று, அதே இடத்திலிருந்து வந்து, எடுக்கப்படாமல் 10:41க்கு முடிந்த அழைப்பு. இப்போது 10:46. அழைப்பது ஆஸ்பத்திரி.

டீச்சர் எங்கே போனார் என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம்தான் தேதியைப் பார்த்தேன். இன்றைக்குக் கடை நாள். அவர் நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இன்று காலை பாதை ஒன்பதுக்கு மாறியிருக்க வேண்டும், மாறவில்லை, ஏனென்றால் நான் அதைச் சரி செய்துவிட்டேன். சரி செய்தவள் ஒரு வார்த்தை டீச்சரிடம் சொன்னேனா? டீ குடித்தேன்.

மணி நின்றது. இன்னும் ஒரே ஒரு அழைப்பு. ஐந்து நிமிஷம்.

கடைக்கு ஓடினால் எட்டு நிமிஷம். கடைக்குப் போன் போட எண் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போட்டால் சரியான மேஜைக்குப் போய்ச் சேரவே ஐந்து நிமிஷம் ஆகும். நானே அந்த அழைப்பை எடுத்துப் பேசியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் சோதனை மேஜையில் கேட்கத்தான் கருவி உண்டு, பேச இல்லை. முன்பு ஒருத்தி எவருடைய சண்டையிலோ நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள் என்று பேசும் குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பாதையை ஒன்பதுக்கு மாற்றுவது. பதிவேட்டில் ஆறு இருக்கும்போது சுவிட்சைக் கையால் ஒன்பதாக்குவதென்றால், இடி விழுந்து ஆனது என்று மேலாளர் கூடச் சொல்ல முடியாது. என் குறியீட்டு எண் அதில் பதியும். நாளை பத்து மணிக்குப் பட்டியலில் வரும். பிழையைத் தானே உண்டாக்கியவர் என்று வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள், மெமோ எல்லாம் கிடையாது. பத்தொன்பது வருஷமாக நான் பயந்து பயந்து தேடிக் கண்டுபிடித்து அழித்துவந்த ஒன்றை என் கையால் நானே செய்ய வேண்டும். தப்பாக அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன்.

'பத்து மணிப் பட்டியலுக்கு முரணானது. உறுதிதானா?' என்று கேட்டது திரை.

ஆமாம் என்று அடித்தேன். 10:50.

10:51க்கு மூன்றாவது அழைப்பு வந்தது. பாதை 417, முனை 9. ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அது கிடக்கட்டும் என்று காதில் மாட்டிக்கொண்டேன். மணி அடித்தது. மறுபடி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் சாவி வெட்டும் இயந்திரம் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க" என்றது டீச்சரின் குரல்.

மறுமுனையில் பேரைக் கேட்டார்கள். டீச்சர் பேரைச் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கழற்றி வைத்துவிட்டேன். மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதேன். மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, ஜீரோவுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நாளைக்கு வரும்மா, கவலைப்படாதே" என்றார்.

அன்று வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. அவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சு. அவரும் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். சொன்னால், நாளை பத்து மணிக்கு அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதுவார், அதோடு எனக்காக வேதனையும் படுவார். ஒரு நாள் கழித்துப் படட்டும் என்று படுத்துவிட்டேன்.

காலையில் சாவிக்காரர் நிலையத்து வாசலில் நின்றார். "நேத்து சாயங்காலமே ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம்மா. உள்ளே வெச்ச உடனே வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சாம். நர்ஸ் வந்து சொன்னாங்க" என்றார். "டீச்சர் போற அவசரத்துல ஒருத்தர் வீட்டுச் சாவியைப் பாதி வெட்டி வெச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த ஆள் வாசல்லயே நிக்கறாரு. என்னை வெட்டச் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறாரு, டீச்சர்தான் வேணுமாம்."

அது போதும் எனக்கு. என் மேஜை இழுப்பறையைக் காலி செய்து, சீப்பையும் மூக்குக் கண்ணாடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு, பிரிண்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பத்து மணி. பிரிண்டர் ஒரு வரி அடித்து நின்றது.

'மிஸ்மேட்ச்: இல்லை.'

சுவிட்சைப் பார்த்தேன். 417, ஒன்பது, என் குறியீட்டு எண், நேற்று 10:50. அப்படியே இருக்கிறது. மிஸ்மேட்ச் இல்லை என்றால் பதிவேட்டிலும் ஒன்பது இருக்க வேண்டும். படியில் இரண்டிரண்டாக ஏறினேன். அவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய திரையைத் திருப்பிப் பார்த்தேன். பாதை 417, முனை 9. எழுதிய நேரம், நேற்று 10:49.

"ஏங்க, ஒரு நிமிஷம் முன்னாலயா?"

"ரெண்டு தடவை மணி அடிச்சு எடுக்கலைன்னு இங்கேயும் தெரிஞ்சுது" என்றார், பஞ்சோடு குழறிக்கொண்டே. "டீச்சர் கொடுத்த அட்டவணை நம்ம வீட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கு இல்ல."

"நான் மாத்தினது இங்கே உங்களுக்குத் தெரியாதே. பத்து மணிப் பட்டியல்ல பாத்தாத்தானே தெரியும்?"

"தெரியாது."

"பாக்காம எழுதினீங்களா?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே மேலாளர், இன்றும் ஜீரோவா என்று கேட்டுக்கொண்டே படியேறி வரும் சத்தம் கேட்டது. டீச்சர் வீட்டுக்குத் திரும்பினால் அவருடைய போன் இனிமேல் ஒரு நாளும் அடிக்காது, சாவிக் கடையில்தான் அடிக்கும், எங்கள் நிலையத்தின் கணக்குப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. அவர் வந்து மனு கொடுத்தால் முறைப்படி மாற்றிவிடலாம், அதற்குப் படிவம் இருக்கிறது.

"நான் ஒருவேளை மாத்தாம விட்டிருந்தா?" என்றேன். "பதிவேட்டுல பொய் எழுதினவர் ஆயிருப்பீங்களே."

"நீ மாத்தாம விட்டிருந்தா," என்று வாயிலிருந்த பஞ்சை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார், "நான் உன்கூட இத்தனை வருஷம் இருந்ததே பொய்."